எண்பத்தேழாவது வரி

அக்கா, அந்த சீட்டுக்கு யாராச்சும் வராங்களா? இல்லல்ல? அப்போ பையை கொஞ்சம் எடுத்துக்கறீங்களா, ப்ளீஸ். என் டிக்கெட்டு அங்க சுவரு ஓரமா. ஆனா நான் இங்கதான் உக்காரணும். ஏன்னு சொல்றேன். மூச்சு வாங்குது, இருங்க.

முன்னாடி பாருங்க. ரெண்டு ரோ தள்ளி நாலு தலை வரிசையா தெரியுதா? மூணாவது தலை. வெள்ளை சட்டை, எடது காது மட்டும் பணியாரம் மாதிரி வீங்கி இருக்கும். ஆங், அதான். அது எங்க நைனா. கன்னியப்பன். இப்போ நீங்க பாக்கப் போற படத்துல நடிச்சிருக்காரு.

மெதுவாக்கா! திரும்பிடப் போறாரு. நான் வந்திருக்கறது அவருக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் புழுக்கத்துலயும் துப்பட்டாவை தலையில போட்டுகினு உக்காந்திருக்கேன். அவர் என்கிட்ட பேசி இன்னியோட ஒம்போது நாள் ஆச்சு. இன்னிக்கு ஒரு நாலு செகண்டு சரியா ஓடிச்சுன்னா பேசிடுவாரு. ஓடலைன்னா... ஓடும்க்கா. ஓடும்.

ஒரு நிமிஷம், அம்மா மெசேஜ். "வரி வந்துச்சா"ன்னு கேக்குது. இன்னும் நகைக்கடை விளம்பரமே முடியல, அதுக்குள்ள. இரு, இரு, இருன்னு மூணு தடவை அனுப்பிட்டேன்.

ஆங், எங்க வுட்டேன்? "நீல மூலை." பாக்ஸிங் படம். கதையை சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. ஹீரோ ஜெயிச்சிடுவான். அது எல்லாருக்கும் தெரியும், அது கதை இல்ல. அவன் ஊட்டுல அப்பன் குடி, மாமன் குடி, அப்புறம் இவனே குடி. கிளவுஸை வித்துக் குடிப்பான்க்கா, பாவி! அப்புறம் அம்மா ஒரு பார்வை பாக்கும். பாட்டு வரும். பாட்டு முடியறப்போ திருந்திடுவான். நான் நூறு தடவை பாத்திருக்கேன், நூறு தடவையும் அழுதிருக்கேன். எவ்ளோ நம்பற மாதிரி எடுத்திருக்காங்க தெரியுமா!

நூறு தடவையான்னு கேக்கறீங்களா? என் வேலையே அதானே. நான் சாலிகிராமத்துல எடிட்டிங் ஸ்டூடியோல இருக்கேன். நர்மதா. வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஆல்வின் சார்னு எடிட்டர், அவருக்குக் கீழ. படத்துல எவனாச்சும் பாட்டிலைத் தூக்கினா கீழ ஒரு வரி வரும்ல, குடிக்காதீங்க, உடம்புக்குக் கேடுன்னு? சிகரெட்டு புடிச்சா ஒண்ணு வரும்ல? அதை யார் போடறாங்கன்னு என்னிக்காச்சும் யோசிச்சிருக்கீங்களா? யாரும் யோசிக்க மாட்டாங்க. நான்தான்க்கா அது! இந்தப் படத்துல மொத்தம் தொண்ணூத்தி ஆறு. அம்புட்டும் என் கையி.

சிரிக்காதீங்க. லேசுபட்ட வேலை இல்ல அது. ஹீரோ கையில பாட்டில் இருந்தா எல்லாருக்கும் தெரியும். பின்னாடி ஜன்னல்ல, கொடிக்கு அப்பால, மங்கலா ஒரு பாட்டில் மூடி இருந்தா? அது என் கண்ணுக்குத்தான் தெரியும். ஆல்வின் சார் எனக்கு மொத நாளே சொல்லிட்டாரு: "நர்மதா, சந்தேகமா இருந்தா போட்டுடு. போட்டதுக்கு எவனும் திட்ட மாட்டான். போடாததுக்குத்தான் திட்டுவான்." அதை ஒரு அட்டையில எழுதி சிஸ்டத்துக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். அந்த தொண்ணூத்தி ஆறும் சிஸ்டத்துல எப்டி நிக்கும் தெரியுமா? ரயில் பெட்டி மாதிரி. ஒண்ணு பின்னாடி ஒண்ணு, அழகா.

எனக்கு இந்தக் கண்ணு எப்டி வந்துச்சுன்னா, அதுக்கு எங்க நைனாவுக்குத்தான் நன்றி சொல்லணும். நைனா அந்தக் காலத்துல ஸ்டேட்ல வெண்கலம் வாங்குன பாக்ஸர். அப்புறம் ஹார்பர்ல லோடு வேலை. அப்புறம் பதினெட்டு வருஷம் தண்ணி. ஊட்டுல ஒளிச்சு வைப்பாரு. எங்க வைப்பாருன்னு சொல்லுங்க பாப்போம்? குக்கர் உள்ள. டிவி பொட்டிக்கு அடியில. தேங்காண்ணை பாட்டில்ல. ஒரு தடவை என் ஸ்கூல் வாட்டர் பாட்டில்லயே! அம்மா என்னைத்தான் அனுப்பும். "நம்மு, போய் மோந்து பாரு." நான் போய் மோந்துட்டு வந்து தலையாட்டுவேன், ஆமாம்னு. அஞ்சு வயசுலேர்ந்து அதான் என் டூட்டி. அப்போ பாருங்க, இந்த வேலைக்கு எனக்கு இருக்கற டிரெய்னிங் யாருக்கு இருக்கும்?

போன ஆடியில நைனா "வுட்டுட்டேன்"னு சொன்னாரு. நானும் அம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு சோறு போட்டோம். ஏன்னா அது ஏழாவது தடவை. அஞ்சாவது தடவை காலையில வுட்டாரு, வுட்டதைக் கொண்டாடறதுக்கு சாயங்காலம் குடிச்சிட்டு வந்தாரு. ஆனா ஏழாவது தடவை வியாழக்கெழமை வியாழக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன், கவுன்சலிங்குன்னாரு. சரி, போங்கன்னோம். கையில எப்பவும் ஒரு எவர்சில்வர் பாட்டில். கருப்பு டேப்பு சுத்தினது. எங்க போனாலும் அது கூடவே போகும். அதைப் பாத்ததும் அம்மா என்னைப் பாத்துச்சு. நான் அம்மாவைப் பாத்தேன்.

தோ, லைட்டு ஆஃப் பண்றாங்க. இன்டர்வெல்ல சொல்றேன்க்கா. மொத பத்து நிமிஷம் மிஸ் பண்ணாதீங்க, ஒரு குத்து இருக்கு...

*

இந்தாங்க, பாப்கார்ன். எடுத்துக்கோங்க, எனக்கு எறங்கல. அந்தப் பாட்டு எப்டி? அழுதீங்களா? நீங்க அழல, நான் பாத்தேன். பரவால்ல. தோ நைனாவும் வெளிய போகல. உக்காந்தே இருக்காரு. கூட இருக்கறது துலுக்கானம் மாமா, அவரும் பழைய பாக்ஸர்தான். நைனா கூட சண்டை போட்ட ஆளு, இப்போ உயிர் தோஸ்து.

இதுவரைக்கும் நாப்பத்தொம்போது வரி வந்துடுச்சு, எண்ணினேன். ஒண்ணு கூட தப்பில்ல.

ஆங், ஷூட்டிங்கு. வியாசர்பாடியில எங்க பாக்ஸிங் கிளப்புக்கு சினிமாக்காரங்க வந்தாங்க. கடைசி சண்டைக்கு நிஜ ஆளுங்க வேணும்னு கேட்டாங்க. ரவுண்டு முடிஞ்சா பாக்ஸர் ஸ்டூல்ல உக்காருவான்ல, அப்போ தொடைச்சு வுட்டு, ஐஸ் வச்சு, காதுல ஏதோ சொல்லுவாங்கல்ல, அந்த கார்னர் ஆளு. ஹீரோ நீல மூலை. எதிராளி செவப்பு மூலை. செவப்பு மூலைக்கு நைனாவை எடுத்தாங்க. பன்னெண்டு நாளு காலங்காத்தால அஞ்சு மணிக்குப் போனாரு. ஒரு நாள் தவறல. நானே ஆச்சரியப்பட்டேன்.

அப்புறம் மூணு மாசம் கழிச்சு அந்த சண்டை எங்க ஸ்டூடியோவுக்கு வந்துச்சு. நான் வரி போட்டுகினே வரேன். மூணாவது ரவுண்டு முடியுது. பெல்லு. நைனா எதிராளியைத் தொடைக்கிறாரு. சூப்பரா தொடைக்கிறாரு! அப்புறம் குனிஞ்சு அந்த பாட்டிலை எடுக்கறாரு. டேப்பு சுத்தினது. ஒரு மடக்கு அடிக்கிறாரு. கண்ணை மூடறாரு. நாலு செகண்டு.

நான் நிறுத்திட்டேன். திருப்பி ஓட்டினேன். இருவது தடவை ஓட்டினேன்க்கா. அந்தக் கண்ணு மூடறது இருக்கே, அதை நான் அஞ்சு வயசுலேர்ந்து பாக்கறேன். மொத மடக்கு உள்ள போனதும் அப்டித்தான் மூடுவாரு. அட்டையைப் பாத்தேன். சந்தேகமா இருந்தா போட்டுடு. போட்டேன். எண்பத்தேழாவது வரி.

நியாயமா சொல்லுங்க, அது என் தப்பா? வேலைன்னா வேலைதானே. சொந்தம் பந்தம் பாக்கக் கூடாதுல்ல.

சத்தியமா அதுக்கப்புறம் மறந்துட்டேன். ரிலீஸ் அன்னிக்கு இதே தியேட்டர். கிளப்புலேர்ந்து இருவத்திரெண்டு பேரை நைனா கூப்ட்டுகினு வந்தாரு. வெளிய பேனரு, ஹீரோவை விட பெருசா நைனா மூஞ்சி, "செவப்பு மூலையின் சிங்கமே"ன்னு. நான் நைனா பக்கத்து சீட்டு. நைனா சீன் வந்ததும் பேப்பரைக் கிழிச்சு எறியறாங்க, விசிலு, காது கிழியுது. பாட்டிலைத் தூக்கறாரு. கீழ வரி வருது.

பட்டுன்னு விசிலு நின்னுச்சு. அப்புறம் பின்னாடிலேர்ந்து ஒருத்தன், "இன்னா கன்னியப்பா, படத்துலயும் வுட மாட்டியா!" தியேட்டரே உருண்டு உருண்டு சிரிச்சுது. துலுக்கானம் மாமாவுக்கு பொறை ஏறிடுச்சு. நைனாவும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். என் வரிக்கு இவ்ளோ ரெஸ்பான்ஸ் எங்கயும் வந்ததில்ல தெரியுமா!

ஊட்டுக்கு வந்தோம். நைனா சட்டையைக் கழட்டி மாட்டிட்டு மெதுவா கேட்டாரு. "அந்த எழுத்தெல்லாம் யாரு போடறது?"

நான் துள்ளிட்டேன். "நான்தான் நைனா! தொண்ணூத்தி ஆறும் நானே!"

"என்துக்கும் நீதானா?"

"உன்துக்கும் நான்தான்!"

அப்போகூட எனக்கு ஒறைக்கலக்கா. பாராட்டப் போறாருன்னு நெனச்சேன். அவர் போய் அந்த பாட்டிலை எடுத்துகினு வந்து மூடியைத் தொறந்து என் முன்னாடி வச்சாரு. "மோந்து பாரு."

மோந்தேன். எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம், உப்பு. வேற ஒண்ணும் இல்ல.

நைனா சொன்னாரு, "அன்னிக்கு ஷூட்டிங்ல லைட்டு புடிக்கிற ஆளு என் பக்கத்துல நின்னான். ராத்திரி போட்ட சரக்கு, வாடை வந்துச்சு. எனக்கு அப்போ குடியை வுட்டு நாப்பதாவது நாளு. கை ஆடிச்சு நம்மு. ஆஸ்பத்திரில கவுன்சலிங் குடுக்கற அம்மா சொல்லியிருந்தாங்க, அந்த மாதிரி வந்துச்சுன்னா புளிப்பா ஒரு மடக்கு அடி, கண்ணை மூடு, பத்து எண்ணு, போயிடும்னு. அதான் அடிச்சேன். நாலுதான் எண்ணினேன். அதுக்குள்ள டைரக்டரு 'கட்'னுட்டாரு."

அவ்ளோதான். அதுக்கப்புறம் பேச்சு இல்ல. திட்டியிருந்தா கூட பரவால்ல. திட்டல. தெனமும் காலையில நான் இட்லி துன்ன உக்காந்தா தட்டு பக்கத்துல அந்த பாட்டில். மூடி தொறந்து. வச்சிட்டு அவர் பாட்டுக்கு பல்லு வெளக்கப் போயிடறாரு.

நான் என்ன பண்ணுவேன்? சும்மா ஒரு தடவை மோந்துட்டு சாப்டுவேன். எலுமிச்சைதான். தெனமும் எலுமிச்சைதான். நேத்திக்கு அம்மா என் தலையில ஒண்ணு வச்சுது. "இன்னும் இன்னாத்துக்குடி மோக்கற?" "வாசனை நல்லாருக்குமா"ன்னேன். நெஜமாவே நல்லாத்தான் இருக்கும்க்கா. நான் நைனாவை முழுசா நம்பறேன்.

ஆனா கேளுங்க, இப்போதான் முக்கியமான விஷயம். படம் ரொம்ப நீளம்னு எல்லாரும் சொன்னாங்கல்ல? ரெண்டாவது பாதியில பன்னெண்டு நிமிஷம் வெட்டச் சொல்லிட்டாங்க. இன்னிலேர்ந்து எல்லா தியேட்டர்லயும் வெட்டின படம்தான். நான் ஆல்வின் சார் கால்ல விழாத கொறை. "சார், எண்பத்தேழு மட்டும் எடுத்துடலாம் சார், அது எலுமிச்சை தண்ணி சார்." அவரு சொல்றாரு, "எதுக்கு வம்பு? ஷாட்டையே தூக்கிடு. நாலு செகண்டு. எவனுக்குத் தெரியப் போவுது?"

எனக்கு வந்துச்சே கோவம்! "சார், அது எங்க நைனா சார்"னேன். சத்தமா சொல்லிட்டேன். பக்கத்து ரூம்ல டப்பிங் பேசறவங்க எட்டிப் பாத்தாங்க. ஆல்வின் சாருக்கு அப்போதான் தெரியும். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "சரி, வரியை மட்டும் எடுத்துடு. முழுசா செக் பண்ணிடு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நான் உக்காந்தேன். எண்பத்தேழு. ஒரே பட்டன். டெலீட். அவ்ளோ ஈஸி! அவர் வந்து "செக் பண்ணியா?"ன்னாரு. "பண்ணிட்டேன் சார்"னேன். பண்ணினேன்க்கா, அந்த நாலு செகண்டை முப்பது தடவை.

இப்போ என் பயம் என்னன்னா, இந்த தியேட்டர்ல புது படத்தை ஏத்தினாங்களா, பழசையே ஓட்டறாங்களான்னு தெரியல. ஆபரேட்டர் அண்ணன்கிட்ட கேட்டேன், "வந்துச்சுமா, போட்டோம்னு நெனைக்கிறேன்"ங்கறாரு. நெனைக்கிறாராம்! நைனாவை இன்னிக்கு இங்க வர வச்சதே துலுக்கானம் மாமாதான். அவர்கிட்ட மட்டும் விஷயத்தை சொன்னேன். பழைய படம் ஓடுச்சுன்னு வைங்க, திரும்ப ஒரு தடவை இந்த ஊரு முன்னாடி அவரை நானே... சரி, வேணாம், ஆரம்பிக்கறாங்க.

*

க்கா. க்கா. இதான். மூணாவது ரவுண்டு.

பழைய படத்துல இங்க ஒரு ஸ்லோ மோஷன் இருக்கும். அது இல்ல பாத்தீங்களா? வெட்டிட்டாங்க. புது படம்தான்! புது படம்தான்க்கா!

பெல்லு. தோ நைனா. தொடைக்கிறாரு. குனியறாரு. என் கையைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க.

பாட்டில்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

வரலை. வரலைக்கா! சுத்தமா இருக்கு! பாத்தீங்களா அந்தக் கண்ணை? எவ்ளோ இறுக்கி மூடறாரு. நான் அதை இவ்ளோ பெருசுல பாத்ததே இல்ல. மொத தடவை நான் கீழ எழுத்தையே பாத்துகினு இருந்திருக்கேன்.

யாரும் சிரிக்கல. ஒரே ஒரு விசிலு, அது துலுக்கானம் மாமா. நைனா திரும்பல. அசையவே இல்ல. தோள் மட்டும் ஒரு தடவை ஏறி எறங்குச்சு. இருங்க, அம்மாவுக்கு அனுப்பறேன். "வரல." கூடவே எமோஜி, ஒரு கை, ஒரு கப்பு, ஒரு எலுமிச்சம்பழம்...

என்ன? ஏன் சிரிக்கறாங்க?

எங்க? சண்டை பாக்க வந்த மந்திரி, அந்த வேஷம் போட்டவரு கை தட்டறாரு, அதுல என்ன... அய்யோ. அய்யய்யோ. அவர் கீழ எதுக்கு வரி வருது? அந்த வரி அவர்து இல்லக்கா! அது அடுத்த ஷாட்டு, ஹீரோவோட மாமன் ஒயின்ஷாப்புல உக்காந்து டிவில சண்டை பாப்பான், அவனுக்குப் போட்டது! தோ இப்போ மாமன் குடிக்கிறான், ஒண்ணையும் காணோம்.

ரயில் பெட்டி. ஒரு பெட்டியைக் கழட்டி வுட்டா பின்னாடி நிக்கிறதெல்லாம் மொத்தமா முன்னாடி நகந்து வந்துடும்ல? நகந்துடுச்சுக்கா. இன்னும் எட்டு இருக்கு. எட்டும் நாலு நாலு செகண்டு முன்னாடி வரப் போவுது.

ரெஃபரிக்கு வந்துடுச்சு. பாவம், அவர் ஏற்கெனவே தள்ளாடறாரு, குத்து வாங்கி. தியேட்டரைப் பாருங்க, ஏறி நின்னு சிரிக்கறாங்க. அடுத்தது ஹீரோ அம்மா. வேணாம். அது கோயில்ல தீர்த்தம் வாங்கும். கடவுளே, வேணாம்... போச்சு.

என் வேலை போச்சு. ஃபோனு வேற துடிக்குது. ஆல்வின் சார்தான், வேற யாரு. நான் எடுக்கல. சிஸ்டத்து மேல ஒட்டின அட்டையில இதுக்கு ஒண்ணும் இல்ல.

அய்யோ, நைனா சிரிக்கிறாரு. பாருங்க, முதுகு குலுங்குது. இப்டி சிரிச்சு எத்தினி வருஷம்... திரும்பறாரு. நேரா என்னைத்தான் பாக்கறாரு. துப்பட்டா எல்லாம் வேஸ்ட்டு, வந்ததுலேர்ந்தே தெரிஞ்சிருக்கு போல.

"இன்னாமே நம்மு! அந்த மந்திரியும் எலுமிச்சை தண்ணிதான் குடிச்சானா?"

கேட்டீங்களா? பேசிட்டாரு! ஒம்போது நாள் கழிச்சு! "தெரியல நைனா, மோந்து பாக்கல!"னு நான் கத்தறேன், பின்னாடி உக்காரு உக்காருன்னு திட்டறாங்க. தோ, ஏதோ குடுத்தனுப்பறாரு. துலுக்கானம் மாமா சீட்டு மேல எக்கி நீட்டறாரு. அண்ணா, அதைக் கொஞ்சம் வாங்கி இப்டி குடுங்க. நன்றிண்ணா.

பாட்டில்தான். டேப்பு சுத்தினது. மூடி தொறந்திருக்கு.

அவர் பாக்கறாரா? பாக்கல, திரும்பிட்டாரு. படம் பாக்கறாரு.

கை தானா மூக்குகிட்ட போவுதுக்கா. பாருங்க, பாதி வழியில நிக்குது.

இல்ல. அப்டியே.

யப்பா! இன்னா புளிப்பு! இதையா எட்டு மாசமா... கண்ணு தானா மூடிக்குது, தொறக்கவே முடியல. ஃபோனை கொஞ்சம் புடிங்க, ஆல்வின் சார்தான், அடிக்கட்டும். பத்து எண்ணிட்டு எடுக்கறேன்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு...